சாப்பிட்டது எங்கே ஒட்டுகிறது?

“எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டவே மாட்டேங்குது.” இந்தப் பேச்சைக் கேட்காத வீடு நம்மிடம் இருக்காது. ஒல்லியான பேரனைப் பார்த்துப் பாட்டி சொல்வார். விடுதியிலிருந்து இளைத்து வந்த மகளைப் பார்த்து அம்மா சொல்வார். சொல்பவர்களுக்கு அது ஓர் ஆதங்கம். குடலின் உள்சுவரை நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கோ, அந்த ‘ஒட்டுதல்’ என்ற சொல் எவ்வளவு பொருத்தமானது என்று வியப்பாக இருக்கும்.

விழுங்கிய சோறு உடம்புக்குள் போய்விட்டது என்றுதான் நினைக்கிறோம். ஆனால் அது இன்னும் வாசலில்தான் நிற்கிறது. வாயில் தொடங்கி ஆசனவாயில் முடியும் பாதை, இரண்டு பக்கமும் திறந்த ஒரு நீண்ட குழாய். குழாயின் துளைக்குள் இருக்கும்வரை உணவு வெளியுலகத்தைச் சேர்ந்ததுதான். குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் சேரும்போதுதான் அது நம்முடையதாகிறது. அந்தச் சுவரே புண்ணாகிவிட்டால் என்ன ஆகும்? தட்டு நிறையச் சோறு இருந்தும் உடம்பு பட்டினி கிடக்கும். குடல் அழற்சி நோயாளிகள் பலரின் கதை இதுதான்.

மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக ஐ.பி.டி. என்கிறார்கள். இதில் இரண்டு முக்கிய நோய்கள் உண்டு. ஒன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உள்தோலை மட்டும் புண்ணாக்குவது. மற்றொன்று க்ரோன்ஸ், வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம், குடல் சுவரின் எல்லா அடுக்குகளையும் துளைத்துக்கொண்டு போகலாம். பதற்றத்தில் வயிற்றைக் கலக்கும் ஐ.பி.எஸ். என்பது வேறு. அதில் குடலில் புண் இருக்காது. ஐ.பி.டி.யில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலின்மேல் திரும்பி, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அதைப் புண்ணாக்கிக்கொண்டிருக்கும்.

ஒரு காலத்தில் இது மேலை நாட்டு நோய் என்று கருதப்பட்டது. உலக நோய்ச்சுமை ஆய்வின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 1990இல் சுமார் 1.3 லட்சம் பேருக்கு இருந்த இந்த நோய், 2019இல் சுமார் 2.7 லட்சம் பேருக்கு இருந்தது. இவர்களில் பலர் பதினைந்து முதல் நாற்பது வயதுக்குள் இருப்பவர்கள். படிக்கிற வயது, வேலை தேடுகிற வயது, பிள்ளை பெறுகிற வயது.

டர்க்கி டவல் போன்ற சுவர்

நல்ல குடல் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். சிறுகுடலின் நீளம் சுமார் 6 மீட்டர்; ஒரு புடவையைவிடச் சற்று நீளம். ஆனால் அதன் பெருமை நீளத்தில் இல்லை, மடிப்பில் இருக்கிறது. டர்க்கி டவலைத் தடவிப் பாருங்கள். நூல் நூலாக எழுந்து நிற்கும். சிறுகுடலின் உள்சுவரும் அப்படித்தான். அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள விரல்கள் லட்சக்கணக்கில் நெருக்கியடித்து நிற்கின்றன. இவை குடலுறிஞ்சிகள். ஒவ்வொரு உறிஞ்சியின் மேலுள்ள ஒவ்வொரு செல்லின் தலையிலும் இன்னும் நுண்ணிய முடிகள். சாதாரணத் துணி நீரை வழிய விடும், டவல் குடித்துக்கொள்ளும் அல்லவா? அந்த வேறுபாட்டைத்தான் இந்த அமைப்பு செய்கிறது.

குடலை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பழைய பாடப்புத்தகங்கள் சொல்லின. 2014இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மறுபடி அளந்து பார்த்து, மொத்தப் பரப்பு ஏறத்தாழ 30 சதுர மீட்டர்தான் என்றார்கள். அதாவது சுமார் 320 சதுர அடி. ஒரு சின்ன வீட்டின் தரை முழுவதும் நம் வயிற்றுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தரையின் மேல்பூச்சு மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை முழுவதும் உதிர்ந்து புதிதாகிறது. போன வாரம் நீங்கள் தின்ற இட்லியை உறிஞ்சிய செல்கள் இன்று உங்களிடம் இல்லை.

இந்தச் சுவர் திருப்பி எடுப்பது உணவை மட்டுமல்ல. குடிக்கும் நீரோடு உமிழ்நீர், இரைப்பைச் சுரப்பு, பித்தநீர், கணையநீர் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 8 முதல் 9 லிட்டர் திரவம் குடலுக்குள் கொட்டுகிறது. அதில் மலத்தோடு வெளியே போவது ஒரு டம்ளருக்கும் குறைவு. மீதி அத்தனையும் திரும்ப உள்ளே வந்துவிடுகிறது.

ஒரே ஒரு வாசல்

சிறுகுடலின் எல்லா இடமும் எல்லாவற்றையும் உறிஞ்சுவதில்லை. இரும்பு பெரும்பாலும் முன்சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. சர்க்கரை, புரதம், கொழுப்பின் பெரும்பகுதி இடைச்சிறுகுடலில். ஆனால் இரண்டு பொருட்களுக்குப் பின்சிறுகுடலின் கடைசிப் பகுதிதான் முக்கிய வாசல்: வைட்டமின் பி12, பித்த உப்புகள்.

பி12 போகும் பாதையைக் கொஞ்சம் பின்தொடரலாம். மீனிலும் முட்டையிலும் பாலிலும் அது புரதத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது. இரைப்பை அமிலம் அந்தப் பிடியை விடுவிக்கிறது. உடனே உமிழ்நீரோடு வந்த ஒரு புரதம் அதை அணைத்து, அமிலத்திலிருந்து காப்பாற்றுகிறது. முன்சிறுகுடலில் கணையநீர் அந்தப் புரதத்தை வெட்டுகிறது. அங்கே இரைப்பையிலிருந்து புறப்பட்டு வந்த இன்னொரு துணை காத்திருக்கிறது. அதன் பெயர் இன்ட்ரின்சிக் ஃபேக்டர். அது பி12ஐக் கைப்பிடித்துக் குடலின் கடைசிவரை கூட்டிப்போகிறது. அங்குள்ள செல்களுக்கு மட்டுமே இந்த ஜோடியை அடையாளம் தெரியும், கதவைத் திறக்கும். இத்தனை பாதுகாப்போடு போகும் சரக்கின் அளவு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம். ஒரே ஒரு கிராம் பி12 இருந்தால் ஒருவருக்கு 1,100 ஆண்டுகளுக்குக் காணும். அந்தத் துளி கிடைக்காவிட்டால் ரத்த செல்கள் ஒழுங்காக உருவாகாது, கால் மரத்துப்போகும், ஞாபகம் தடுமாறும்.

க்ரோன்ஸ் நோய் அதிகமாகத் தாக்குவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான்.

1932இல் நியூயார்க் மவுன்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் க்ரோன், லியோன் கின்ஸ்பர்க், கோர்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பின்சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் தாக்கும், பெரும்பாலும் இளைஞர்களுக்கு வரும் ஒரு நோய் என்று அதை வருணித்தார்கள். அவர்கள் எழுதிய அறிகுறிகள் மூன்று: காய்ச்சல், வயிற்றுப்போக்கு, உடல் மெலிவு. நோய்க்குப் பெயர் வைத்த அன்றே மெலிவும் அதன் முகமாக எழுதப்பட்டுவிட்டது. அதை நோயின் பக்கவிளைவு என்று ஒதுக்கிவைப்பது சரியல்ல. அது நோயின் உடம்பிலேயே இருக்கிறது.

கடைசிப் பகுதி பழுதானால் பித்த உப்புகளும் வீணாகின்றன. கொழுப்பைக் கரைக்கக் கல்லீரல் அனுப்பும் இந்த உப்புகளில் 95 சதவீதம் இங்கே உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பும், மறுபடி வரும். வாசல் அடைபட்டால் அவை பெருங்குடலுக்குள் வழிந்து வயிற்றுப்போக்கைக் கூட்டும். நாளடைவில் கையிருப்பு குறைந்து கொழுப்புச் செரிமானம் கெடும். கொழுப்போடு சேர்ந்து வரும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கைநழுவும்.

அதோடும் நிற்பதில்லை. உறிஞ்சப்படாத கொழுப்பு குடலிலுள்ள கால்சியத்தைப் பிடித்துச் சோப்பாக மாறிவிடுகிறது. வழக்கமாகக் கீரையிலும் கொட்டைகளிலும் உள்ள ஆக்ஸலேட்டைக் கட்டிப்போட்டு வெளியே அனுப்புவது இந்தக் கால்சியம்தான். கட்டிப்போட ஆளில்லாத ஆக்ஸலேட் பெருங்குடல் வழியே ரத்தத்துக்கும், அங்கிருந்து சிறுநீரகத்துக்கும் போய்க் கல்லாகிறது. குடல் நோய்க்காரருக்குச் சிறுநீரகக் கல் வருவது இப்படித்தான்.

பூட்டப்பட்ட இரும்பு

அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் சிறுகுடல் நன்றாகவே இருக்கும். ஆனாலும் ரத்தசோகை விடாது. கணக்கு எளிது. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் 2.5 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாதாரணமாக நம் குடல் ஒரு நாளில் உறிஞ்சும் இரும்பு 1 முதல் 2 மில்லிகிராம். தினமும் ஒரு தேக்கரண்டி ரத்தம் மலத்தோடு போனாலே வரவைவிடச் செலவு அதிகம்.

“இரும்பு மாத்திரை சாப்பிடுகிறேனே, ஏன் ஏறவில்லை?” என்று நோயாளிகள் கேட்பார்கள். இதற்கான விடை கிடைத்தே கால் நூற்றாண்டுதான் ஆகிறது. கிருமிகளுக்கு இரும்பு பிடித்த தீனி. அதனால் உடம்பில் அழற்சி எழுந்தவுடன், கிருமி புகுந்துவிட்டதென்று எண்ணி, கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அனுப்பி இரும்பை ஒளித்துவைக்கிறது. குடல் செல்லிலிருந்து ரத்தத்துக்குப் போகும் இரும்புக்கான கதவை ஹெப்சிடின் அழித்துவிடுகிறது. மாத்திரையிலிருந்து வந்த இரும்பு செல்லுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. மூன்று, நான்கு நாளில் அந்தச் செல் உதிரும்போது இரும்பும் கூடவே வெளியே போய்விடுகிறது. கிருமியைப் பட்டினி போட எடுத்த ஏற்பாடு, கிருமியே இல்லாத வீட்டில் வீட்டுக்காரரைப் பட்டினி போடுகிறது.

அதனால்தான் நோய் தீவிரமாக இருக்கும்போது இரும்பை நரம்பு வழியாக ஏற்றச் சொல்கிறார்கள். ரத்தப் பரிசோதனையைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு அழற்சியில் தானாகவே உயரும். அழற்சி இல்லாதவருக்கு 30க்குக் கீழே இருந்தால்தான் குறைபாடு. அழற்சி இருப்பவருக்கு 100 வரை இருந்தாலும் குறைபாடு இருக்கலாம். ‘நார்மல்’ என்று அச்சடித்த சீட்டைப் பார்த்து நிம்மதியடைந்துவிடக் கூடாது.

பசியைத் திருடும் நோய்

உறிஞ்சுவதில் பழுது, ரத்தத்தில் கசிவு. இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: சாப்பாடே குறைந்துபோவது.

அழற்சியின்போது உடம்பில் பெருகும் டி.என்.எஃப். என்ற புரதம் பசியை அடக்குகிறது, தசையைக் கரைக்கிறது. 1980களில் இதே புரதத்துக்குக் ‘கேகெக்டின்’, அதாவது உடம்பை உருக்குவது, என்று ஆய்வாளர்கள் ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். வயிற்றுப்போக்கோடு துத்தநாகம் போய்விடும். துத்தநாகம் குறைந்தால் நாக்கில் சுவை குறையும். சுவை குறைந்தால் இன்னும் குறைவாகச் சாப்பிடுவார்கள். ஸ்டீராய்டு மாத்திரை உயிரைக் காப்பாற்றும். நீண்ட நாள் எடுத்தால் தசையையும் எலும்பையும் அரிக்கும். சல்ஃபாசாலசின், மீத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள் ஃபோலிக் அமிலத்தைக் குறைக்கும்.

இதற்கு மேல் பயம். சாப்பிட்ட அரை மணியில் வயிறு பிசையும் என்று தெரிந்தவர் எப்படி நிம்மதியாகச் சாப்பிடுவார்? காலையில் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போக வேண்டியவர் இட்லியைத் தொடாமல் கிளம்புகிறார். கல்யாண வீட்டில் இலை முன் உட்காரவே அஞ்சுகிறார். “ஏன் இப்படி இளைச்சுட்டே?” என்ற கேள்விக்குப் பயந்து கல்யாணத்துக்கே போவதை விட்டுவிடுகிறார்.

வீட்டிலோ அன்பே வேறு வழியில் தவறு செய்கிறது. பருப்பு வாயு, முட்டை சூடு, மீன் ஆகாது, தயிர் சளி. ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்துக் கடைசியில் மிஞ்சுவது கஞ்சி, ரசம் சாதம், பிஸ்கட். இரண்டு நாள் வயிற்றுப்போக்குக்கு இந்தப் பத்தியம் சரி. வருடக்கணக்கில் இருக்கும் நோய்க்கு இது மெதுவான பட்டினி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நோய் தீவிரமாக இருக்கும்போது உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தினமும் வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஊட்டச்சத்து வல்லுநர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல். 50 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 75 கிராம். வேளைக்கு 75 கிராம் அரிசி என்று மூன்று வேளை ரசம் சாதம் சாப்பிட்டால் கிடைப்பது ஏறத்தாழ 16 கிராம். தேவையில் கால் பங்கு. மீதியை உடம்பு எங்கிருந்து எடுக்கும்? தன் தொடையிலிருந்தும் தோளிலிருந்தும்தான்.

குழந்தைகளிடம் இந்தப் பட்டினி வேறு விதமாகத் தெரியும். நிலைக்கதவில் பென்சிலால் கோடு போட்டுப் பிள்ளையின் உயரம் குறிப்பவர்கள் உண்டு. அந்தக் கோடு ஒரு வருடமாக நகரவில்லை என்றால் கவனிக்க வேண்டும். க்ரோன்ஸ் நோயில் வயிற்றுவலியும் பேதியும் வெளிப்படையாக வருவதற்கு முன்பே வளர்ச்சி தேங்கிப்போவது உண்டு.

எடை காட்டாத பட்டினி

குடல் அழற்சி நோயாளிகளில் எத்தனை பேருக்கு ஊட்டச்சத்துக் குறைபாடு இருக்கிறது? ஆய்வுகள் தரும் விடை 20 சதவீதம் முதல் 85 சதவீதம் வரை விரிகிறது. இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் காரணம், எதை வைத்து அளக்கிறோம் என்பதுதான். எடையை மட்டும் பார்த்தால் பலர் தப்பிவிடுவார்கள். ஸ்டீராய்டால் முகம் உப்பியவர், உடம்பில் நீர் கோத்தவர், கொழுப்பு கூடித் தசை குறைந்தவர் என எல்லோருமே எடை மெஷினில் சரியாகத் தெரிவார்கள். பருமனான ஒருவருக்கும் தசை வற்றியிருக்கலாம்.

தசையைக் காட்டிக்கொடுப்பது கை. பிடியின் வலுவை அளக்கும் ஒரு சிறு கருவி இருக்கிறது. ஆசிய நாடுகளுக்கு வகுத்த வரையறைப்படி, ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே பிடிவலு இருந்தால் அது தசைக்குறைவின் எச்சரிக்கை. கருவி இல்லாத வீட்டிலும் சில குறிகள் உண்டு. முன்பு எளிதாகத் திறந்த ஊறுகாய் பாட்டில் மூடி இப்போது திறக்கவில்லை. கையூன்றாமல் தரையிலிருந்து எழ முடியவில்லை. மோதிரம் கழன்று விழுகிறது. இவற்றை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஊட்டம் குறைந்தவருக்குத் தொற்று அதிகம். அறுவை சிகிச்சைக்குப் பின் சிக்கல் அதிகம். மருத்துவமனையில் கிடக்கும் நாட்களும் அதிகம். அவசரமில்லாத அறுவை சிகிச்சையை ஒன்றிரண்டு வாரம் தள்ளிவைத்தாவது முதலில் ஊட்டத்தை ஏற்றுங்கள் என்று வழிகாட்டுதல்கள் சொல்வது இதனால்தான்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குடல் காசநோயும் க்ரோன்ஸும் ஒரே இடத்தில், சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் மூலையில், ஒரே மாதிரிப் புண்ணோடு வரும். காய்ச்சலும் எடைக்குறைவும் இரண்டிலும் உண்டு. எது என்று பிரித்தறிவது தேர்ந்த மருத்துவர்களுக்கே கடினம். சில சமயம் காசநோய் மருந்து கொடுத்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர முடிகிறது. நோயின் பெயர் உறுதியாகும்வரை உடம்பு காத்திருக்காது. அந்த மாதங்களிலும் தட்டில் புரதம் இருந்தாக வேண்டும்.

விண்வெளிக்குச் செய்த உணவு

உணவு குறைவது நோயின் விளைவு மட்டும்தானா? உணவே மருந்தாகவும் ஆகுமா? இதற்கான விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது.

1960களில் மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் முயற்சிகள் சூடுபிடித்தபோது, அங்கே எதைச் சாப்பிடுவது என்ற கேள்வியும் எழுந்தது. அமினோ அமிலம், சர்க்கரை, சிறிது கொழுப்பு, வைட்டமின், தாதுக்கள் ஆகியவற்றைத் தனித்தனியே அளந்து நீரில் கரைத்து ஒரு முழு உணவை அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். செரிக்க வேண்டிய வேலையே இல்லை, சக்கையும் இல்லை. அந்த வகைத் திரவ உணவை 1970களில் குடல் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் உடம்பைத் தேற்றுவதுதான் நோக்கம். ஆனால் உடம்பு தேறியதோடு சிலருக்கு நோயே தணிந்தது.

1984இல் பிரிட்டனில் தீவிர க்ரோன்ஸ் நோயாளிகள் 21 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு, மற்றதற்கு நான்கு வாரம் திரவ உணவு மட்டும். திரவ உணவு ஸ்டீராய்டுக்கு ஈடாக வேலை செய்தது. இன்று க்ரோன்ஸ் வந்த குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் திரவ உணவு மட்டுமே தருவது முதல்நிலைச் சிகிச்சை. பத்தில் ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளுக்கு நோய் அடங்குகிறது. கூடவே எடை ஏறுகிறது, குடல் புண் ஆறுகிறது. ஸ்டீராய்டு தடுக்கும் வளர்ச்சியை இது மீட்டுக்கொடுக்கிறது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் இதற்கு இந்தப் பலன் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருத்துவரும் உணவியல் வல்லுநரும் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய சிகிச்சை இது; கடையில் டப்பா வாங்கித் தாமாகச் செய்வதல்ல.

தட்டைத் திரும்பப் பார்ப்போம்

எல்லா ஐ.பி.டி. நோயாளிகளுக்கும் பொருந்தும் ஒரே பத்தியம் கிடையாது. குடலில் சுருக்கம் இருப்பவர் முருங்கைக்காய்ச் சக்கையையும் கீரைத் தண்டையும் தவிர்க்க வேண்டியிருக்கும். சுருக்கம் இல்லாதவர் காய்கறியை விட வேண்டியதில்லை. பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம். ஒரு கிண்ணம் குழைய வெந்த பாசிப்பருப்பில் 7 கிராம். மூன்று வேளையைச் சிறு சிறு ஆறு வேளையாகப் பிரித்தால் வயிறும் மிரளாது. ஓர் உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒதுக்கலாம். ஆனால் ஒன்றை எடுத்தால் அதே சத்துள்ள இன்னொன்றைத் தட்டில் வைத்தாக வேண்டும்.

இந்த நோய் உள்ளவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறை ஒரே மெஷினில் எடை பார்த்து எழுதிவையுங்கள். 60 கிலோ இருந்தவர் முயற்சியில்லாமல் சில மாதங்களில் 57 ஆனாலே அது செய்தி. 54க்கும் கீழே போனால் அபாயம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி இவற்றை எப்போது பார்த்தோம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். எத்தனை முறை போகிறது, ரத்தம் போகிறதா என்று மருத்துவர் கேட்பார். எவ்வளவு சாப்பிட முடிகிறது, எதையெல்லாம் பயந்து நிறுத்திவிட்டோம் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

அழற்சி அடங்கினால் அந்த டர்க்கி டவல் மறுபடி முளைக்கும். மூன்று முதல் ஐந்து நாளில் புதிதாகும் செல்கள் அதற்குத் தயாராகவே இருக்கின்றன. ஆனால் சுவர் கட்டுவதற்குச் செங்கல் வேண்டும். அந்தச் செங்கல் தட்டிலிருந்துதான் வர வேண்டும். ‘உடம்பில் ஒட்டவில்லை’ என்று அடுத்த முறை யாராவது சொன்னால், அதை ஆதங்கம் என்று கடந்துபோகாமல் ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.